சட்டம் படிக்க விரும்பும் எங்கள் பிள்ளைகளுக்கு
(பெற்றோர் - மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உள்துறை அமைச்சின் கடிதம் வந்தால் வாசித்து விளங்கப்படுத்துவது வீட்டில் மூத்த பிள்ளைதான். அந்தப் பிள்ளை "நான் சட்டம் படிக்கட்டோ?" என்று கேட்டால் தடுக்காதேங்கோ.

முன்பு சட்ட நிறுவனத்தில் பயிற்சி ஒப்பந்தம் கிடைக்காமல் பலர் பாதியில் நின்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 செப்டம்பரில் புதிய வழி வந்தது. ஏதாவது ஒரு பாடத்தில் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி வேணும். எஸ்.கியூ.இ. பரீட்சை இரண்டு கட்டம். முதலாவதில் 360 கேள்விகள். இரண்டாவதில் கட்சிக்காரரிடம் விபரம் கேட்பது, வாதாடுவது, கடிதம் வரைவது என 16 செயல்முறைப் பணிகள்.

இவற்றோடு 2 வருட வேலை அனுபவமும் வேணும். அதை 4 இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். சட்ட உதவி மையத்தில் சம்பளமில்லாத தொண்டராகச் செய்ததும் சேரும். ஆனால் பொதுவாக ஒரு சொலிசிற்றர் அதை உறுதிப்படுத்த வேணும். ஆகவே திகதியையும் செய்த வேலையையும் அன்றன்றே எழுதி வையுங்கோ.

ஒரு எச்சரிக்கை. தொண்டு நிறுவனத்தில் என்றாலும், பதிவோ தகுதியோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மொழிபெயர்க்கலாம், "இப்படிச் சொல்லுங்கோ" என்று வழி காட்டக்கூடாது. தகுதியானவரின் மேற்பார்வையில் பழகுங்கோ.

எங்கள் கதை விளங்கிய சொலிசிற்றர்கள் எங்களுக்குள்ளிருந்தும் வரட்டும்.