சடை நாயை நீராட்டும் முறை

(பழங்காநத்தத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நம்மிடம் கேட்டுப் பழகிய தங்களுக்கு இன்றைய விஷயம் வியப்பாகத் தோன்றலாம். வீட்டு நாயைக் குளிப்பாட்டுவதற்கும் கிராம முன்னேற்றத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் புன்னகை புரிவதையும் காண்கிறோம். சம்பந்தம் உண்டு. அதைக் கையில் பட்ட பல் தடத்தின் மூலமே நாம் கற்றுக் கொண்டோம்.

மாடக்குளம் கண்மாய்க்கு அருகேயுள்ள இப்பழங்காநத்தம் இன்று மதுரை மாநகருக்குள் அடங்கி விட்டது. நகரத்துப் பழக்கங்கள் இதன் வழியே சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் செல்கின்றன. அவற்றுள் ஒன்று சடை நாய் வளர்ப்பது. நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை குட்டை உரோமம் கொண்டவை. நம் வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்றவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. இவற்றைத் துடைத்து விட்டாலே பெரும்பாலும் போதும். ஆனால் பொமரேனியன் என்று நாம் அழைக்கும் வெள்ளைச் சடை நாய்க்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்ட உரோமம். அடியில் பஞ்சு போன்ற உரோமம். மாட்டைக் கழுவுவது போல் இதைக் கழுவினால் தீமையே விளையும்.

நம் இல்லத்தில் அத்தீமையே விளைந்தது. உறவினர் கொடுத்த சடை நாய் ஒன்றை, சிக்கெடுக்காமலே வாரந்தோறும் வாளி வாளியாக நீர் ஊற்றிக் குளிப்பாட்டி வந்தோம். நனைந்த சிக்கு கயிற்று முடிச்சுப் போல் இறுகியது. அதனடியில் ஈரம் உலரவில்லை. தோல் புண்ணாகிப் புழு வைத்தது. வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று அழகாகவே இருந்தது! ஒரு நாள் நீராட்டும்போது புண்ணின் மீது கை பட, வலி பொறாத அப்பிராணி நம் கையைக் கவ்வி விட்டது. அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வீட்டார் கேட்டனர். போடவில்லை. ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி முகாமுக்கு வாருங்கள் என்று அழைத்த நாம், நம் வீட்டு நாயை மறந்திருந்தோம். அன்று அடைந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை.

உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். காத்திருக்காமல் ஊசி தொடங்கப்பட்டது. நாயைப் பத்து நாட்கள் கவனித்தோம். அது நலமாகவே இருந்தது. ஆயினும் அப்பத்து இரவுகளும் வீட்டில் எவருக்கும் நல்ல உறக்கமில்லை.

இனி முறையைக் கூறுவோம். முதல் வேலை சீவுவது, நீர் பிறகுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீப்பினால் வேர் வரை சீவி வர வேண்டும். அவிழாத சிக்கை நனைக்கு முன்பே கத்தரித்து விட வேண்டும். சீவும்போதே காது மடல், கால் விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களில் உண்ணி உண்டா எனப் பார்க்கலாம். உண்ணியைக் கையால் நசுக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

குளியல் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போதும். காலைப் பொழுதே ஏற்றது. வழுக்காதிருக்கத் தரையில் சாக்கை விரித்து, காதுகளில் பஞ்சு வைத்து, இளஞ்சூடான நீரைக் கழுத்திலிருந்து பின்னோக்கி ஊற்றுக. நாயின் மேல்தோல் நம்முடையதை விட மெல்லியது. ஆதலால் துணி சோப்பும் நாம் தேய்க்கும் சோப்பும் ஆகா. நாய்க்கென்றே விற்கும் ஷாம்பு வேண்டும். நுரை முழுதும் நீங்கி நீர் தெளிவாக வழியும் வரை அலசுக. முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு துண்டால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் சீவிக்கொண்டே அடி உரோமம் வரை உலர்த்துக. இதில் சோம்பல் கொண்டதே நாம் செய்த பிழை.

கோடையில் மொட்டையடித்தால் நாய்க்குக் குளிர்ச்சி என்பர் சிலர். அது சரியன்று. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. உரோமம் வெயிலைத் தடுக்கும் கூரை போன்றது.

விவசாயிகளுக்கு ஓர் எச்சரிக்கை. உண்ணி போக வேண்டுமென்று பயிருக்குத் தெளிக்கும் மருந்தையோ மண்ணெண்ணெயையோ ஒருபோதும் நாயின் மீது பூசாதீர்கள். அது தோல் வழியேயும், நக்குவதாலும் உள்ளே சென்று கொல்லும். நாயைத் தழுவும் குழந்தைக்கும் கேடு. கால்நடை மருத்துவர் கொடுக்கும் மருந்தையே அவர் சொல்லும் அளவில் பயன்படுத்துக. மருந்து கலந்த நீரைக் கண்மாயிலோ கிணற்றடியிலோ விடலாகாது. உண்ணி மருந்துகள் பல மீன்களுக்கு நஞ்சு. உண்ணி, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய் படுக்கும் இடத்து வெடிப்புகளையும் பூசி அடைக்க வேண்டும்.

இறுதியாக, ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. 1885-இல் பாஸ்டர் என்னும் அறிஞர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தோன்றியது. இவ்வளவு காலம் கழிந்தும், நோய்க்குறி தோன்றிய பின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. ஆனால் முன்கூட்டியே தடுப்பது எளிது. குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசி. பின் ஆண்டுதோறும் ஒன்று. தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என 2023-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆகவே தங்கள் ஊரில் எத்தனை வீட்டு நாய்கள், எவற்றிற்கு ஊசி போடப்பட்டது என்று ஒரு பதிவேடு வைத்து, கால்நடை மருத்துவரை அழைத்து முகாம் நடத்துங்கள்.

நாயைக் குளிப்பாட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களிடமே விடப்படுகிறது. பல்லுக்கு மிக அருகில் செல்லும் கை அவர்களுடையதே. ஆதலால் முதலில் ஊசி, பிறகு சீப்பு, அதன் பிறகே நீர். இந்த வரிசையை மனத்திற் கொள்ளுங்கள். நம் வீட்டில் ஏற்பட்ட பிழை தங்கள் வீடுகளில் ஏற்படாதிருக்குமாயின், இன்று இங்கு வந்து பேசியது பயனுடையதாகும்.