பதினைந்து கட்டில் யாருக்கு?

(பாரிவாக்கம் கூட்டத்தில் பேசியது)

பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் பேர்போன ஊர் என்று பாரசீகத்து ஷீராஸ் நகரத்தைச் சொல்வதுண்டு. ஸாதி, ஹபீஸ் என்ற இரண்டு பெருங்கவிகளின் சமாதியும் அங்கேதான் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கு வைத்தியசாலை இருந்தது. ஷீராஸ் நமக்குத் தூரம். ஆனால் இந்தப் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி போய், மேற்கே போகும் பெரிய ரஸ்தாவைப் பிடித்தால் காஞ்சீபுரம் போய்ச் சேரலாம். அந்தச் சீமைக்கும் அந்த இரண்டு பெருமையும் உண்டு. அதைப் பற்றியே இன்று சில வார்த்தை சொல்ல உத்தேசிக்கிறோம்.

காஞ்சிக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோவில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது சுமார் 1069-ல் வெட்டிய பெரிய கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் 15 நோயாளிகள் படுக்கும் ஓர் ஆதுலர் சாலை காணப்படுகிறது. வைத்தியர் ஒருவர், கத்தி வைத்தியம் செய்பவர் ஒருவர், பணிவிடைக்கு இரண்டு பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி, சுமார் 20 வகை மருந்து என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

தோழர்களே! நாம் கேட்பது இதுதான். சாக்ஷாத் பெருமாள் சன்னதியிலேயே, அவருக்குப் பூசை செய்கிறவர்களுக்கே, தீர்த்தமும் துளசியும் போதவில்லை. கத்தியும் கஷாயமும் வேண்டியிருந்தது. 900 வருஷத்துக்கு முந்திய ராஜாவுக்குத் தெரிந்த இந்த விஷயம் இன்று நம்மில் பலருக்குத் தெரியவில்லையே, ஏன்?

இன்னொன்றும் கேட்கிறோம். அந்த 15 கட்டில் யாருக்கு? கோவில் ஊழியர்களுக்கும், அங்கே வேதம் படித்த பிள்ளைகளுக்கும் என்றே அறிஞர்கள் சொல்லுகிறார்கள். இந்தச் செலவெல்லாம் கிராம வருமானத்திலிருந்து வந்தது. அந்த வருமானமோ, வெயிலில் ஏர் பிடித்தவன் விளைவித்த நெல். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே படுத்தான்? கல்வெட்டு பேசவில்லை.

பாட்டுப் பெருமைக்கு வருவோம். மணிமேகலை என்ற காவியத்தைச் செய்தவர் சாத்தனார் என்ற தானிய வியாபாரி. அதில் அந்தப் பெண், மழையின்றிப் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு வந்து, குருடர், செவிடர், முடவர், நோயாளி, அநாதை என்ற எல்லோருக்கும் சோறு போடுகிறாள். யார் எந்தக் குலம் என்று அவள் விசாரிக்கவில்லை. அக்ஷய பாத்திரம் கட்டுக்கதைதான், நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைக்குள்ளிருக்கும் நியாயம் கட்டுக்கதையல்ல. கல்லில் எழுதினவர்கள் மறந்த ஏழையை ஓலையில் எழுதினவர் மறக்கவில்லை.

இன்று அதே காஞ்சியில், காரப்பேட்டையில், 1969-ல் புற்றுநோயால் மாண்ட அந்த ஊர் அண்ணாதுரை அவர்கள் பெயரால் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வியாதியைக் கேட்டுச் சீட்டு எழுதுகிறார்களேயன்றி வருணத்தைக் கேட்டல்ல. கதவு திறந்தாய்விட்டது. ஆனால் நாம் செய்வதென்ன? மார்பில் கட்டி கண்ட பெண்ணை வேப்பிலைக்கும் விபூதிக்கும் மாதக்கணக்கில் அலையவிட்டு, புண் முற்றிய பிறகு வண்டி கட்டுகிறோம். ஆரம்பத்தில் போனால் பிழைத்திருக்கக்கூடியவளைத் தாமதத்தால் கொன்றுவிட்டு, விதி என்கிறோம்.

அன்று கட்டில் நமக்கு மறுக்கப்பட்டது. இன்று கட்டில் இருக்கிறது. நாமே அதை மறுத்துக்கொள்ளலாமா? வீட்டுக்குப் போனதும் உங்கள் தாய்மார்களிடமும் சகோதரிகளிடமும் இதைக் கேளுங்கள்.