நம் முகவரியை முழுதாகச் சொல்வோம்

(சென்னை தினத்தை ஒட்டி நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



போன மாதம் லிஃப்டில் நம் பையன் ஒருவன் போனில் பேசிக்கொண்டு வந்தான். எங்கே குடியிருக்கிறாய் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "அண்ணா நகர் பக்கம்" என்றான். நம் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் அண்ணா நகர் தெரியாது! அவனைக் குறை சொல்லமாட்டேன். வீட்டு விளம்பரங்களிலேயே அப்படித்தான் போடுகிறார்கள். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் நானும் "சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தான்" என்று சொல்லித் தப்பித்தவன். பெரம்பூர் என்றால் வடசென்னை, வடசென்னை என்றால் சினிமாவில் வரும் அரிவாளும் குடிசையும்தான் என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். இன்றைக்கு அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1639-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஐ இந்த நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். அன்று முதல் வாட்ஸ்அப்பில் கோட்டை, ஹைகோர்ட், ரிப்பன் மாளிகை என்று படங்கள் வந்து குவியும். அழகான கட்டடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கும்பினி ஆட்சியும் அதற்குப் பின் வந்த பிரிட்டிஷ் ஆட்சியும் இங்கே ஓடியது சரக்கால், ரயிலால், துணியால். அந்த மூன்று வேலையும் நடந்த இடம் நம் பக்கம். அதை வரவு, பற்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் சரக்கு. குழந்தைகளிடம் ஒரு கேள்வி. ஆங்கிலேயர் இங்கே வந்தபோது துறைமுகம் இருந்ததா? இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இல்லவே இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை. ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும் என்பதால், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகள்தான் போய்வரும். கவர்னராக வந்தவரும் அந்தப் படகில் ஏறி, நனைந்துதான் கரைக்கு வந்தார். பஞ்சு மூட்டை, துணிப் பொதி, தபால் பை, எதுவானாலும் நம் படகுக்காரர் தோள் கொடுக்காமல் கப்பலுக்குப் போகாது.

அந்தப் படகுக்காரர் சமூகம் தங்கள் உழைப்பில் எழுப்பியதுதான் ராயபுரம் புனித பேதுரு ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் பேதுருவுக்கு ராயப்பர் என்று பெயர். ராயப்பர் பெயரால் ராயபுரம். எத்தனையோ தெருக்களுக்குக் கவர்னர்கள் பெயர் வைத்த ஊரில், இந்தப் பேட்டைக்குப் படகோட்டிகள் கும்பிட்ட சாமியின் பெயர்.

1861-இல் கடலுக்குள் நீளும் ஒரு இரும்புப் பாலம் போட்டார்கள். பிறகு 1875-இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டி நடுவில் கப்பலை நிறுத்துவது திட்டம். வேலை முடியும் தருவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அந்தக் கைகளை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாசலில் மணல் சேர்ந்துகொண்டே போனதால், துறைமுகப் பொறுப்பில் இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், 1911-இல் அதை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார்கள். நமக்குத் தெரிந்த துறைமுகம் அப்போது உருவானதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் கடலோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். அதற்கு முன் கடல் இன்றைய கடற்கரைச் சாலைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். ஊரே காற்று வாங்கப் போனது.

வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. மீனவர் குடியிருப்புகள் போயின, சாலை போனது. இன்று எண்ணூர் போகும் கடலோரச் சாலையில் போனால் மணலுக்குப் பதில் கருங்கல் அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். நான் முப்பது வருடம் லெட்ஜர் எழுதியவன். ஒரு கணக்கில் வரவு விழுந்தால் வேறொரு கணக்கில் பற்று விழுந்தே தீரும். மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது, காலடியில் இருக்கும் மணலில் கொஞ்சம் காசிமேட்டுக்காரருடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறவன்தான்!

துறைமுகத்தை விடுமுன் ஒரு குமாஸ்தாவைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அந்த ஜாதி. 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் சேர்ந்தார். பெயர் எஸ். ராமானுஜன். மேலதிகாரி நாராயண ஐயருக்கும் கணிதத்தில் ஈடுபாடு. ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் ராமானுஜன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். 1914 மார்ச் 17-இல் இதே துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். அவர் போய் ஆறு மாதத்தில், செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரில் பாதி மூட்டை கட்டியது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்றைக்குப் பிறந்த சொல்.

அடுத்து ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா ரோடு போனது. பம்பாயிலும் தானாவிலும் இருந்த முதல் ரயில் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரம்தான். சென்ட்ரல் வந்தது 1873-இல், பதினேழு வருடம் கழித்து. மேற்கே போகும் அந்தத் தடம் நம் பெரம்பூர் வழிதான். அதே 1856-இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பெரம்பூரில் பணிமனை தொடங்கியது. இன்றைய கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். காலையில் லோகோ சங்கு கேட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தக் கூடத்திலேயே பலர் இருக்கிறீர்கள். சங்கு என்றதும் சிரிக்கிறீர்களே, அதுவே சாட்சி.

கடைசியாகத் துணி. பக்கிங்காம் மில் 1876-இல் வந்தது. அதையடுத்து கர்நாடிக் மில். பிறகு இரண்டும் சேர்ந்து பி அண்டு சி, நம் வாயில் பின்னி மில். பட்டாளத்துக்கு வேண்டிய காக்கித் துணி இங்கே நெய்தார்கள். உள்ளே நிலைமை கடுமை. மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் போதவில்லை என்பது தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், பி.பி. வாடியா தலைவராக, 1918 ஏப்ரல் 27-இல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவில் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். திரு.வி.க. அதில் முன்நின்று உழைத்தார்.

கசப்பான பக்கத்தையும் சொல்லவேண்டும். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் அது பொய்க் கணக்கு.

1996-இல் மில் மூடியபோது நான் கவுன்டரில் இருந்தேன். ஒரு வாரத்தில் எத்தனை பேர் வந்து எஃப்.டி.யை முதிர்வுக்கு முன்னால் முடித்துக்கொண்டு போனார்கள் என்று எண்ணவில்லை. ஒருவர் மட்டும் மனதில் நிற்கிறார். மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணம். வட்டி குறையும் என்றேன். "பரவாயில்ல சார், வீட்ல அரிசி வாங்கணும்" என்று கையெழுத்துப் போட்டார். நூலில் வேலை செய்த விரல், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. இரண்டு வேண்டுகோள். ஆண்டுதோறும் குழந்தைகளை ரிசார்ட்டுக்குக் கூட்டிப் போகிறோம். இந்தத் தடவை ஒரு ஞாயிறு காலை ராயபுரம் போவோம். ரயில் நிலையம், பேதுரு ஆலயம், வெளியிலிருந்து பார்க்க பார்சிகளின் அக்னி ஆலயம், எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் கஞ்சித்தொட்டி ஆகி, அதை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி என்பதையும் அங்கேயே நின்று சொல்லலாம். திரும்பும் வழியில் வால்டாக்ஸ் ரோடு. பழைய நகரத்துக்குச் சுவர் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்தார்கள், வசூல் ஆகவே இல்லை. வராத வரிக்கு ஒரு சாலை! பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்கள் இதை முன்னுதாரணமாகக் காட்டவேண்டாம் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வேண்டுகோள். மில், லோகோ, துறைமுகம் ஆகியவற்றில் வேலை பார்த்த பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அல்லது இருந்தார்கள். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, போட்டோ எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கூடத்தில் அந்தக் காலிச் சுவர் நமக்குப் போதும்.

லிஃப்டில் பார்த்த பையன் இங்கேதான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, அடுத்த தடவை யாராவது கேட்டால் பெரம்பூர் என்று சொல். எங்கே இருக்கிறது என்று கேட்டால், தென்னாட்டின் முதல் ரயில் போன வழியில் இருக்கிறது என்று சொல்.