இரவல் நகை என்னும் எண்ணம்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கோமுகியாறு கல்வராயன் மலையிற் பிறந்து நமது கள்ளக்குறிச்சிப் பக்கத்தை வளஞ்செய்கின்றது. அம்மலையினின்றும் அடிவாரத்துக் கிராமங்களினின்றும் பிள்ளைகளும் இக்காலத்து உயர்கல்விக்கு வருகின்றனர். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசினர் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் ஈண்டே அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் இடம்பெற்ற பிள்ளைகளுட் சிலர், "நான் இவ்விடத்திற்கு உரியேனல்லேன், என்றேனும் என் பொய் வெளிப்படும்" என்று, இரவல் நகை பூண்டவள் கலியாண வீட்டில் நடுங்குமாறுபோல உள்ளே நடுங்குவதை நாம் அறிவோம்.

அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் உளநூல் வல்ல மாதர் இருவர் 1978-இல் இதனைக் குறித்து எழுதினர். அவர்கள் ஆராய்ந்த மாதர் நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர். கல்வியிலும் தொழிலிலும் சிறந்தவர். சிறந்தும் தம்மைப் போலியென்றே கருதினர். இது நோயன்று. வெற்றியை அதிர்ஷ்டத்தின் பற்றிலும், பிழையைத் தன் பற்றிலும் எழுதும் கணக்குக் கோளாறே. (இத்தகைய கணக்குப்பிள்ளையை எக்கடையிலும் வைத்துக்கொள்ளார்!)

நம் பிள்ளைகட்கோ பிறர் சொல்லும் இதனை வளர்க்கின்றது. மலைப்பேச்சைக் கேட்டு ஒருவன் நகைப்பான். "சலுகையில் வந்தவன்" என்பான் மற்றொருவன். அவ்விடம் பெற்றோரும் நீட் தேர்வில் தேறியே வந்தனர் என்பதைச் சொன்னவனும் மறந்தான். கேட்ட பிள்ளையும் மறந்தது. பின்னர் அப்பிள்ளை வகுப்பில் ஐயம் வினவ அஞ்சுகின்றது. வினவாமையாற் பின்தங்குகின்றது. பின்தங்கியதே தன் தகுதியின்மைக்குச் சான்றென்று கொள்கின்றது.

அறியாமை வேறு, தகுதியின்மை வேறு. உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயினார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்று வினவினார். ஐயர் அதனைக் கற்றிருக்கவில்லை. அதுபற்றிப் பதவிக்குத் தாம் உரியரல்லர் என்று ஒதுங்கினாரல்லர், ஏடு தேடினார், ஜைனரிடம் சென்று ஐயம் வினவினார், 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார்.

ஆதலின் இச்சபையிலுள்ள பட்டதாரிகட்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் இளைய மாணாக்கரைக் காணுங்கால் பெற்ற பதக்கங்களை மாத்திரம் பேசற்க. முதலாண்டில் எப்பாடம் விளங்கவில்லை, யாரிடம் கேட்டுத் தெளிந்தீர் என்பதையும் உரைமின். பெற்றோர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உணவு வேளையில் எடுத்தோதாதீர்கள். பிள்ளை பல நாள் உணவும் உறக்கமுமின்றி வாடுமாயின், நாணாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.