எலுமிச்சை மஞ்சளிக்கும்போது
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



எலுமிச்சை இலை மஞ்சளித்துவிட்டால், "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதே நம்மவர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கின்றது. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்துக் கடைக்கு விரைவதால் பணமும் போகின்றது. பல ஆண்டுகள் நீரூற்றி வளர்த்த மரமும் போகின்றது.

எந்த இலை மஞ்சளித்திருக்கின்றது என்று முதலில் பார்ப்போம். முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்திருந்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவே. தளிர் இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது சாதாரணம். லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராம் கரைத்து வடிகட்டித் தளிர்ப் பருவத்தில் தெளிக்க வேண்டும். அடுத்து வரும் தளிரில்தான் பலன் தெரியும்.

மரம் முழுவதும் மஞ்சளித்திருந்தாலோ, இலையை விட்டு அடிமரத்தைப் பார்க்க வேண்டும். மண்ணருகே பட்டை வெடித்துப் பிசின் வடிகின்றதா? சுரண்டினால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கின்றதா? இது மண்ணில் வாழும் பைட்டோப்தோரா என்னும் கிருமியின் வேலை. அதற்கு இடங்கொடுப்பது நம் மண்வெட்டியே! அடிமரத்தை ஒட்டிப் பாத்தி கட்டி நீரைத் தேக்குகின்றோம். இரட்டை வட்டப் பாத்தி அமைத்து, உள்வட்டம் உலர்ந்திருக்க, வெளிவட்டத்தில் மட்டும் நீர் பாய்ச்சுதல் வேண்டும். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியுமளவும் செதுக்கிப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் நீரிலும், சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியை அதில் நனைத்தால் செம்பு படிகின்றதா? இன்னும் சிறிது சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தடவிவிடுங்கள். பட்டை சுற்றிலும் அழுகிவிட்ட மரத்திற்குச் செலவு செய்வது வீண்.

இனிச் சொறி நோய். இலை, கிளை, காய் மூன்றிலும் பழுப்புப் பொருக்கு தடித்து நிற்கும். சாறு கெடுவதில்லை, விலை கெடும். புளியங்குடிச் சந்தைக்குக் காய் அனுப்புவோர் இதை அறிவர். இது பாக்டீரியாவால் வருவது, பூச்சிமருந்துக்கு அடங்காது. நோயுற்ற கிளைகளை மழைக்கு முன் கவாத்து செய்து எரித்துவிட்டு, லிட்டருக்குத் தாமிர ஆக்ஸிகுளோரைடு 3 கிராம் வீதம் தெளிக்க வேண்டும். இலையைக் குடையும் புழுவின் காயங்கள் வழியே நோய் எளிதில் நுழையும். அப்புழுவுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும்.

மழைத்துளியும் காற்றும் வேலியைப் பார்ப்பதில்லை. ஒருவர் கவாத்து செய்து அடுத்தவர் விட்டுவிட்டால் உழைப்பு பாழ். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரு வாரத்தை ஊராட்சி குறிக்கட்டும். வெளியூர்க் கன்றுகளைப் பொருக்கு இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே ஊருக்குள் விடுங்கள். நாளைக் குறித்துச் சொன்னால், தோட்டக்கலை அலுவலரை அழைத்துவர நாங்கள் ஏற்பாடு செய்கின்றோம்.