கார்பன் கிட்டாரும் கைக்கு ஏற்ற குடமும்

(நாகபுரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையறிவு மிக்கோர் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எளியேன் ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேச முன்வந்தது துணிவுதான். ஆயினும், மாலை வேளைகளில் கிட்டார் வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதறிந்து, நம் காலனிப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டு வருகின்றனர். “பிள்ளை கிட்டார் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், மரத்தில் வாங்கலாமா, இப்போது பேசப்படும் கார்பன் இழையில் வாங்கலாமா?” என்பதே அக்கேள்வி. இது பாதிக் கேள்வி. எந்த அளவில், எந்த வடிவில் வாங்குவது என்பது மற்றப் பாதி. அதுவே பெரிய பாதி என்பதை எடுத்துரைக்கவே வந்திருக்கின்றேன்.

தமிழ்ச் சங்க மேடையில் கிட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரின் வயலினைக் கற்று, நம் இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மற்றோர் அயல் கருவியில் நம் இராகங்களைப் பேசவைத்தார். கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்போரும் உளர். ஆதலின் கருவி எங்குப் பிறந்தது என்பதைவிட, யார் மடியில் எவ்வாறு அமர்கிறது என்பதே நாம் கருதத்தக்கது.

வீணையைக் கொண்டு பார்த்தால் கிட்டாரின் உறுப்புகள் எளிதில் விளங்கும். ஒலியைப் பெருக்கும் கூட்டைக் குடம் என்போம். அதன்மேல் மூடியிருப்பது மேற்பலகை. தந்திகளைத் தாங்குவது குதிரை. விரல் வைக்கும் இடங்களைப் பிரிப்பவை மெட்டுகள். இவற்றுள் குரலுக்குத் தலையாய காரணம் மேற்பலகை. இதனை மெய்ப்பிக்க ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் என்பார் 1862-ஆம் ஆண்டில் ஒரு விந்தை புரிந்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் அமைத்து, பக்கங்களையும் முதுகையும் காகிதக் கூழால் செய்து, ஒரு கிட்டாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரமின்றிக் குடம் இல்லை என்ற எண்ணம் அன்றே அசைந்துவிட்டது.

இனிக் கார்பன் இழைக்கு வருவோம். தலைமயிரினும் மெல்லிய கரிநூல்களை நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் இட்டு இறுகச் செய்வது அது. எடை குறைவு, விறைப்பு மிகுதி. 1990-களில் ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய ‘ரெயின்சாங்’ நிறுவனம் இவ்வகைக் கிட்டார்களைப் பரப்பியது. அயர்லாந்தில் ‘எமரால்டு’ நிறுவனமும் இவற்றைச் செய்கின்றது. மழையிலும் வெயிலிலும் மரக்கருவிகள் படும் பாடே இம்முயற்சிக்குத் தூண்டுகோல்.

அப்பாடு நாம் அறியாததன்று. இந்நாகபுரியில் மே மாதம் வெப்பம் 45 பாகையைத் தொடும்; அனல் காற்று வீசும். வீட்டினுள்ளோ கூலர் இரவெல்லாம் ஈரக்காற்றை இறைக்கும். ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். மரக் கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் நலம் என்பர். அத்தகைய நாள்கள் நமக்கு ஆண்டில் எத்தனை? மரம் உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும்; ஈரமேறினால் உப்பிக் குதிரையைத் தூக்கும். கார்பன் இழை ஈரத்திற்கு அசையாது. மூன்றாண்டுக்கொரு முறை மாற்றல் உத்தரவு பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இது பெரும் பேறு.

எனினும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது, வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கார்பனின் பிசினும் ஒட்டிய மூட்டுகளும் கேடுறலாம். தந்தியோ உலோகமாதலின் சூட்டில் சுருதி இறங்கவே செய்யும். இரண்டாவது முக்கியமானது. மரக் குடத்தின் குரல் ஆண்டுகள் செல்லச் செல்ல மாறும் என்பர். கார்பன் குடம் வாங்கிய நாளில் பேசியவாறே என்றும் பேசும். அச்சு கொடுத்த உருவத்தைத் தச்சர் எவரும் செதுக்கித் திருத்துதல் இயலாது. விலையும் மிகுதி. ஆதலின் அளவைத் தேர்வது ஒருமுறை செய்யும் தேர்வு. அதனைப் பொறுமையாகச் செய்தல் வேண்டும்.

அளவுகளின் பெயர்களை முதலில் அறிவோம். இப்பெயர்களுட் பல 1833-இல் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய மார்ட்டின் நிறுவனத்தின் வழக்கிலிருந்து வந்தவை. குடத்தின் அகன்ற இடத்தைக் குறுக்கே அளந்தால், ‘0’ அளவு ஏறத்தாழ 13½ அங்குலம். ‘00’ 14¼ அங்குலத்திற்குச் சற்று மேல். ‘000’ 15 அங்குலம். 1929-இல் வந்த ‘ஓ.எம்.’ வகையும் இந்த 15 அங்குலக் குடத்தையே உடையது. ‘டிரெட்நாட்’ ஏறத்தாழ 15⅝ அங்குலம். இடை அதிகம் ஒடுங்காது, ஆழமும் மிகுதி. 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய இவ்வடிவம் 1916-இல் பாஸ்டன் நகர்க் கடை ஒன்றிற்காக முதலில் செய்யப்பட்டது. 1931 முதல் மார்ட்டினின் சொந்தப் பெயரில் வெளிவந்தது. இதனினும் பெரிய ‘ஜம்போ’ ஏறக்குறைய 17 அங்குலம். ‘0’ அளவும் அதனினும் சிறியனவும் ‘பார்லர்’ எனப் பொதுவாக வழங்கும். கார்பன் கிட்டார் செய்வோரும் பெரும்பாலும் இவ்வுருவங்களையே தழுவுகின்றனர்.

பெரிய குடத்தால் பயன் என்ன? சிறு செம்பின் வாயில் ஊதினால் ஒலி உயர்ந்தும், பெரிய குடத்தில் ஊதினால் தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். கிட்டாரினுள் அடைபட்ட காற்றும் அவ்வாறே. அதன் இயல்பான அதிர்வு பெரிய கிட்டாரில் நொடிக்கு 100-க்கு அருகில் இருக்கும். மிகத் தடித்த தந்தியோ நொடிக்கு 82 முறை அதிர்வது. குடம் சிறுத்தால் காற்றின் எண் உயர்ந்து, தந்தியை விட்டு விலகும். மந்தர ஒலி மெலியும். இக்குறையைக் கார்பன் ஓரளவு ஈடுசெய்கிறது. மேற்பலகை விறைப்பாதலின், அடியில் தாங்கும் சட்டங்களைக் குறைத்தோ அறவே நீக்கியோ சிலர் செய்கின்றனர். அதனால் சிறு குடமும் நன்கு பேசும். மரத்தில் டிரெட்நாட் தேடியவர் கார்பனில் ‘000’ அளவோடு நிறைவடையலாம்.

வாங்கச் செல்வோர் கடையில் நின்றபடி பார்க்க வேண்டா, அமர்ந்து பாருங்கள். குடத்தின் இடை தொடைமேல் தானே நிற்க வேண்டும். வலக்கை விளிம்பைத் தாண்டித் தந்தியை அடையும்போது தோள் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அகலமோ ஆழமோ மிகுதி என்று அறிக. இடக்கை முதல் மெட்டைத் தொடுகையில் முழங்கை நேராக நீண்டுவிடலாகாது. நம் வழக்கப்படி தரையில் சம்மணமிட்டு வாசிப்போர், கடையிலும் அவ்வாறே அமர்ந்து பார்க்கத் தயங்க வேண்டா. நாற்காலியில் பொருந்திய பெரிய குடம் தரையில் முழங்காலை இடிக்கக்கூடும். மேற்சட்ஜத்திற்கு அப்பாலும் இராகம் வாசிக்க விழைவோர், குடத்தின் தோளில் ஒருபுறம் குடைந்துவிட்ட வடிவத்தைக் கொள்வது நன்று. உயர்ந்த மெட்டுகளைக் கை தடையின்றி எட்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரிதாகத் தைத்து, “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்பது நம் இல்லங்களின் சிக்கனம். கருவிக்கு அது ஆகாது. நம் காலனியில் பத்து வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு அன்போடு ஒரு டிரெட்நாட் வாங்கித் தந்தனர். குடத்தின் பின்னே அவள் முகம் மட்டுமே தெரிந்தது. மூன்று திங்களில் தோள்வலி என்றாள். பிறகு கருவி அலமாரியின் மேல் ஏறிவிட்டது. “அவளுக்கு இசை வரவில்லை” என்று வீட்டில் முடிவு கட்டினர். வராதது இசையன்று, எட்டாதது கை. அந்தத் தீர்ப்பைக் குழந்தை வாழ்நாளெல்லாம் சுமக்கக்கூடும் என்பதை எண்ணுங்கள்.

சுருங்கச் சொன்னால்: பத்து வயதிற்குட்பட்ட பிள்ளைக்குக் கார்பனே வேண்டா, நைலான் தந்தி கட்டிய சிறிய மரக் கிட்டார் போதும். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவிற்கு மேல். நைலானில் அது ஏறத்தாழ 40 கிலோவே. வளரிளம் பருவத்தார்க்கும் சிறிய உடலமைப்பினர்க்கும் ‘0’ அல்லது ‘00’. தனியே அமர்ந்து பாடி வாசிப்போர்க்கு ‘000’ அல்லது ‘ஓ.எம்.’. பஜனை போன்ற கூட்டிசைக்கு டிரெட்நாட், அதுவும் மடியில் பொருந்தினால் மட்டுமே. இரயிலில் அடிக்கடி பயணம் செய்வோர் படுக்கைக்கடியில் செல்லுமா என்பதையும் அளந்து கொள்க.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. பிறர் வீட்டுப் பிள்ளை பெரிது வைத்திருக்கிறான் என்பதோ, விலை மிகுந்தது சிறந்தது என்பதோ நமக்கு அளவுகோல் ஆகா. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் இல்லங்களில், அந்தியில் ஒரு பிள்ளை அமர்ந்து வாசிக்கும் ஓசை கேட்க வேண்டும். அதற்கேற்ற கருவியை, பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, அதன் மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.