இருக்கும் இடத்திலேயே உயரட்டும்



இன்று பட்டம் பெறும் கட்டடக்கலை, கட்டுமானப் பொறியியல் மாணவர்களே, உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. நீங்கள் வரையப்போகும் வரைபடங்களில் ஏழைகளின் தெருக்களும் இருக்கும். அந்தத் தெருக்களைப் பற்றிப் பேசவே வந்தேன்.

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் அது பல இடங்களில் குடிசை இருந்த நிலத்திலேயே மாடி வீடுகளைக் கட்டியது. சென்னையின் நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கடலோரத்திலேயே இருக்க முடிந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த சென்னை நகர வளர்ச்சித் திட்டம் இன்னொரு வழியைக் காட்டியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, சாலையும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தந்தார்கள். ஏழைகளுக்கான சிறு மனைகளும் நடுத்தரக் குடும்பங்களின் மனைகளும் அருகருகே அமைந்தன. மக்கள் தவணை கட்டினார்கள். கையில் காசு சேரச் சேர ஓர் அறை, பிறகு ஒரு மாடி என்று எழுப்பிக்கொண்டார்கள். பழைய குடிசைப் பகுதிகளுக்கும் அதே திட்டத்தில் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு வந்தன.

2000-க்குப் பிறகு பாதை மாறியது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புறநகரிலுள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கான்கிரீட் கூரை கிடைத்தது, பிழைப்பு தொலைவானது. நகருக்குள் வீட்டுவேலை செய்த பெண்களின் சம்பளத்தைப் பேருந்துப் பயணம் தின்றது. கல்வியாண்டின் நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் படிப்பை விட்டார்கள்.

வெள்ளம் புகும் கரையில் வாழ்பவர்களை மாற்றத்தான் வேண்டும். அதற்கு அதே வட்டாரத்தில் இடம் தேடுவதுதான் முறை. நகருக்குள் நிலம் விலை அதிகம் என்பார்கள். அந்த நகரத்தைக் கூட்டுவதும் கட்டுவதும் இந்த மக்கள்தாம். அவர்களுக்கு அதில் இடமில்லை என்பது அநீதி.

2021-இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. உங்களில் சிலர் அங்கே பணியாற்றக்கூடும். அப்போது தண்ணீர் லாரி வரும் நேரத்தில், நீங்கள் திட்டம் போடும் தெருவுக்குப் போங்கள். குடத்தோடு நிற்பவர்களிடம் எங்கே வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று கேளுங்கள். மழைநீர் எங்கே தேங்கும் என்பது அவர்களுக்கே தெரியும். சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன் பாதாளச் சாக்கடையும் குடியிருப்பவர் பெயரில் பட்டாவும் உறுதியாகட்டும்.

குடியிருப்பவரைக் கேட்காமல் வரைந்த திட்டத்தில் கையெழுத்திடாதீர்கள். இதுவே நான் உங்களிடம் வேண்டுவது. வாழ்க, வளர்க.